கேரள லாட்டரி, மூன்று நம்பர், போலிச் சீட்டு: எது குற்றம், யாருக்கு எவ்வளவு தண்டனை?

2023 செப்டம்பரில் கேரளத்தின் திருவோணம் பம்பர் குலுக்கலில் முதல் பரிசான 25 கோடி ரூபாய், திருப்பூர்ப் பக்கத்து நண்பர்கள் நான்கு பேருக்கு விழுந்தது. கேரள எல்லையோர ஊரான வாளையாரில் வாங்கிய சீட்டு என்றார்கள். சில நாட்களிலேயே கேரள அரசுக்கு ஒரு புகார் போனது: அந்தச் சீட்டு தமிழ்நாட்டுக்குள் கள்ளத்தனமாக விற்கப்பட்டது, பரிசைக் கொடுக்கக் கூடாது என்று. கேரள லாட்டரித் துறை விசாரணையில் இறங்கியது.

அப்போது எழுந்த குழப்பம் இன்னும் தீரவில்லை. தமிழ்நாட்டில்தான் 2003 முதல் லாட்டரிக்குத் தடை ஆயிற்றே, தமிழ்நாட்டுக்காரர் எப்படிப் பரிசு வாங்கலாம்? டீக்கடை ஓரம் நம்பர் எழுதுபவரைப் பிடிக்கும் போலீஸ், வாளையாரிலிருந்து சட்டைப்பையில் சீட்டோடு வருபவரை ஏன் பிடிப்பதில்லை? சிறுவர்களுக்குச் சீட்டு விற்றால் என்ன தண்டனை? போலிச் சீட்டுக்கு? எல்லாக் கேள்விக்கும் ஒரே சட்டத்தில் பதில் இல்லை. அதனால் அடியிலிருந்தே வர வேண்டியிருக்கிறது.

லாட்டரி என்று சட்டம் எதைச் சொல்கிறது

அரசியல் சட்டம் சூதாட்டத்தை மாநிலங்களின் பட்டியலில் வைத்திருக்கிறது. ஆனால் அரசு நடத்தும் லாட்டரி மட்டும் மத்தியப் பட்டியலில், 40ஆவது இனமாக இருக்கிறது. அந்த அதிகாரத்தின் பேரில் நாடாளுமன்றம் இயற்றியதுதான் 1998ஆம் ஆண்டின் லாட்டரிகள் ஒழுங்குமுறைச் சட்டம். மொத்தம் 13 பிரிவுகள், சில பக்கங்கள். அதன்படி, சீட்டு வாங்கியவர்களுக்குள் குலுக்கல் அல்லது அதிர்ஷ்டத்தின் பேரில் பரிசைப் பிரித்துக் கொடுக்கும் எந்தத் திட்டமும் லாட்டரிதான். பெயர் என்னவாக இருந்தாலும் சரி.

மூன்றாவது பிரிவு லாட்டரியை மொத்தமாகத் தடுக்கிறது. நான்காவது பிரிவு, இன்னின்ன நிபந்தனைகளோடு மாநில அரசு நடத்தலாம் என்று ஒரு கதவைத் திறக்கிறது. முக்கியமானவை:

1. சீட்டை மாநில அரசே, தன் முத்திரையோடு, அசலா போலியா என்று தெரியும்படி அச்சடிக்க வேண்டும்.
2. குலுக்கலை அரசே, தன் மாநிலத்துக்குள்ளேயே நடத்த வேண்டும்.
3. விற்பனைப் பணம் அரசுக் கணக்கில் சேர வேண்டும்.
4. ஒற்றை இலக்கத்தின் மீதோ, முன்கூட்டியே அறிவித்த எண்ணின் மீதோ பரிசு வைக்கக் கூடாது.
5. ஒரு லாட்டரிக்கு வாரத்தில் ஒரு குலுக்கல்தான். பம்பர் ஆண்டுக்கு ஆறுக்கு மேல் கூடாது.

கேரளத்தில் தினமும் குலுக்கல் நடக்கிறதே என்று கேட்கலாம். செவ்வாய்க்கிழமை ஸ்த்ரீ சக்தி, வியாழக்கிழமை காருண்யா பிளஸ், சனிக்கிழமை காருண்யா என்று கிழமைக்கு ஒரு பெயரில் வருவதன் ரகசியம் ஐந்தாவது நிபந்தனைதான். ஒவ்வொன்றும் தனி லாட்டரி, ஒவ்வொன்றுக்கும் வாரத்தில் ஒரு குலுக்கல். சட்டத்தின் எழுத்து மீறப்படவில்லை. அதன் நோக்கம் என்ன ஆயிற்று என்பது வேறு விஷயம்.

இந்த நிபந்தனைகளை மீறினால் 7ஆவது பிரிவு பாயும்: இரண்டு ஆண்டு வரை கடுங்காவல், அல்லது அபராதம், அல்லது இரண்டும். மீறி நடத்திய அரசுத் துறையின் தலைவரே தண்டனைக்கு உள்ளாவார். ஏஜென்டு, வியாபாரி, விற்பவர், விநியோகிப்பவர், வாங்குபவர் எல்லோருக்கும் அதே அளவுதான். ஆம், வாங்குபவரும்தான், பலர் கவனிக்காத சொல் அது. 8ஆவது பிரிவின்படி இவை பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய, ஜாமீனில் விட முடியாத குற்றங்கள். ஸ்டேஷனிலேயே ஜாமீன் கிடைக்காது, கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும்.

இதற்கும் மூத்த சட்டம் ஒன்று உண்டு. 1870இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 294ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. அரசு அனுமதி இல்லாத லாட்டரிக்குக் குலுக்கல் இடம் நடத்தினால் ஆறு மாதம் வரை சிறை. அதற்கு விளம்பரம் செய்தால் ஆயிரம் ரூபாய் வரை அபராதம். அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் இது 297ஆவது பிரிவாக மாறியது. அபராதம் ஐயாயிரமாக உயர்ந்தது. ஆறு மாதம் அப்படியே இருக்கிறது.

தமிழ்நாட்டுத் தடை எதைத் தடுக்கிறது

லாட்டரி தமிழ்நாட்டுக்குப் புதிதில்லை. அண்ணா ஆட்சியில் அரசே பரிசுச்சீட்டு விற்றது. ‘விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு’ என்ற வாசகம் அந்தக் காலத்தது. இடையில் நிறுத்தப்பட்டு, திரும்ப வந்து, கடைசியில் 2003 ஜனவரியில் ஜெயலலிதா அரசு எல்லா லாட்டரிக்கும் தடை போட்டது.

‘எல்லா’ என்பது இங்கே முக்கியம். 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின் 5ஆவது பிரிவு, ஒரு மாநிலம் பிற மாநில லாட்டரிகளைத் தன் எல்லைக்குள் விற்கத் தடை விதிக்கலாம் என்கிறது. தன் லாட்டரியை விற்றுக்கொண்டே பக்கத்து மாநிலத்தின் சீட்டை மட்டும் தடுக்கலாமா? பி.ஆர். என்டர்பிரைசஸ் வழக்கில் 1999இல் உச்ச நீதிமன்றம் கூடாது என்றது. லாட்டரியே வேண்டாம் என்று முடிவெடுத்து, தன்னுடையதையும் நிறுத்திய மாநிலம்தான் பிறருடையதைத் தடுக்கலாம். அரசே நடத்தினாலும் லாட்டரி சூதாட்டம்தான் என்று சொன்னதும் அதே தீர்ப்பு.

ஆக, தமிழ்நாட்டுத் தடை விழுவது இந்த மண்ணில் நடக்கும் விற்பனையின் மீது. இதை மனதில் வைத்துக்கொண்டால் எல்லைக் குழப்பம் தீரும்.

1. வாளையாரிலோ குமுளியிலோ கடையில் வாங்கிய சீட்டு: விற்பனை நடந்தது கேரள மண்ணில். அங்கே அது சட்டப்படியானது. பரிசு விழுந்தால், வாங்கியவர் எந்த மாநிலத்தவர் என்பது தடையாகாது.
2. அதே சீட்டைக் கட்டாகக் கொண்டுவந்து பொள்ளாச்சியிலோ கம்பத்திலோ விற்பது: குற்றம். 7ஆவது பிரிவில் விற்பது, விநியோகிப்பது, வாங்குவது என்ற சொற்கள் இருக்கின்றன. வெறுமனே வைத்திருப்பது என்ற சொல் இல்லை. ஆனால் பையில் நூறு சீட்டு இருந்தால் சொந்த அதிர்ஷ்டத்துக்கு என்று சொல்லித் தப்புவது கடினம்.
3. கேரளச் சீட்டைப் ‘படம் அனுப்புகிறேன், பணம் போடுங்கள்’ என்று வாட்ஸ்அப்பில் விற்பது: கேரள அரசின் லாட்டரி காகித லாட்டரி மட்டுமே. ஆன்லைன் விற்பனை கிடையாது. செல்போனில் வருகிற படம் சீட்டு ஆகாது.

பம்பர் புகாரின் மையமும் இதுவே. சீட்டு எந்த மண்ணில் கை மாறியது? காகிதத்தைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது. சாட்சிகளும் கடைக் கணக்கும்தான் சொல்ல வேண்டும்.

மூன்று நம்பர்: சீட்டே இல்லாத லாட்டரி

தமிழ்நாட்டில் லாட்டரிக் கைது என்று செய்தி வந்தால், பெரும்பாலும் அது மூன்று நம்பர் வழக்குதான். இதில் அரசும் இல்லை, சீட்டும் இல்லை. கேரளக் குலுக்கலின் முதல் பரிசு எண்ணில் கடைசி மூன்று இலக்கம் என்னவாக இருக்கும் என்று பந்தயம் கட்டுகிறார்கள். வெள்ளைத் துண்டுத்தாளில் எழுதிக் கொடுப்பார்கள், இப்போது போனில் மெசேஜ். மதியம் மூன்று மணிக் குலுக்கலின் முடிவு வந்ததும் கணக்குத் தீரும்.

கணக்கு எளிது. 000 முதல் 999 வரை ஆயிரம் எண்கள். கட்டிய பணத்துக்கு ஆயிரம் மடங்கு கொடுத்தால்தான் ஆட்டம் சமம். அதற்குக் குறைவாகக் கொடுக்கிற அளவுக்கு நடத்துபவருக்கு லாபம். ஒரே எண்ணில் நிறையப் பேர் கட்டி, அது விழுந்துவிட்டால்? பரிசைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று அவரைப் பிடித்து உலுக்கும் ஆவணம் எதுவும் இல்லை. கோர்ட்டுக்கும் போக முடியாது. பந்தய ஒப்பந்தம் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 30ஆவது பிரிவின்படி செல்லாது.

போலீஸ் வழக்கமாகப் போட்டுவந்தது 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7(3), பழைய 294ஏ, சில வழக்குகளில் மோசடிக்கான 420. புதிய சட்டத்தில் ஒரு கூடுதல் ஆயுதம் வந்திருக்கிறது. நியாய சன்ஹிதாவின் 112ஆவது பிரிவு ‘சிறு அளவிலான கூட்டுக் குற்றம்’ என்று ஒன்றை வரையறுக்கிறது. கும்பலாகச் சேர்ந்து செய்யும் திருட்டு, மோசடி, அனுமதியில்லாத டிக்கெட் விற்பனை, அனுமதியில்லாத பந்தயம், சூது ஆகியவை அதில் அடக்கம். தண்டனை குறைந்தது ஓராண்டு, அதிகபட்சம் ஏழாண்டு. துண்டுத்தாள் எழுதும் கூலி ஆளைத் தாண்டி, பின்னால் இருந்து நடத்துபவரைத் தொட வேண்டுமானால் பழைய ஆறு மாதத்தைவிட இது உதவும். பிடிபடுவது என்னவோ பெரும்பாலும் எழுதும் ஆள்தான்.

2019 டிசம்பரில் விழுப்புரத்தில் மூன்று நம்பர் லாட்டரிக் கடனில் மூழ்கிய ஒரு குடும்பத்தில் மூன்று பெண் குழந்தைகளோடு ஐந்து பேர் உயிரிழந்தார்கள். தடை வந்து அப்போது 16 ஆண்டுகள் ஆகியிருந்தன.

சீட்டு மோசடி: கையில் வைத்திருப்பவருக்கே சொந்தம்

லாட்டரிச் சீட்டில் வாங்கியவர் பெயர் அச்சாகி இருக்காது. நோட்டைப் போல, யார் கையில் இருக்கிறதோ அவர்தான் உரிமைக்காரர். கேரளச் சீட்டின் பின்பக்கம் பெயர், முகவரி, கையெழுத்துக்கு இடம் விட்டிருப்பது அதனால்தான். எழுதாதவரை அது ஊர்ப்பொதுச் சொத்து. மோசடிகளின் வேர் இங்கேதான் இருக்கிறது.

*எண்ணைத் திருத்துவது.* கேரள லாட்டரியில் சிறிய பரிசுகள் கடைசி நான்கு இலக்கத்தை வைத்துத்தான் தீர்மானமாகின்றன. ஐயாயிரம் ரூபாய் வரையிலான பரிசை எந்த லாட்டரிக் கடையிலும் மாற்றிக்கொள்ளலாம். இந்த இரண்டு வசதியும் சேர்ந்த இடத்தில் ஏமாற்றுக்காரர் நுழைகிறார். விழாத சீட்டில் 3ஐ 8 ஆக்குவார். பார்வை மங்கிய, வெயிலில் நடந்து விற்கும் வயதானவர் யாரையாவது தேடிப் போவார். ‘ரெண்டாயிரம் விழுந்திருக்கு, பாதிக்குச் சீட்டு கொடுங்க, மீதியைக் கையில கொடுங்க’ என்பார். விற்பவர் முடிவுத்தாளைப் பார்ப்பார், எண் பொருந்தும். ஏஜென்சியில் பார்கோடை ஸ்கேன் செய்யும்போதுதான் குட்டு உடையும். அதற்குள் ஆள் போயிருப்பார். நஷ்டம் முழுக்க விற்றவர் தலையில். கலர் ஜெராக்ஸ் எடுத்து ஒரே சீட்டை நான்கு பேரிடம் மாற்றுவதும் இதே வகைதான்.

தண்டனை? லாட்டரிச் சட்டம் இதைப் பற்றிப் பேசுவதில்லை. பொதுக் குற்றவியல் சட்டமான நியாய சன்ஹிதாதான். அங்கே அளவு சட்டென்று ஏறுகிறது:

1. ஏமாற்றிப் பணம் பெறுதல், 318(4): ஏழாண்டு வரை.
2. ஏமாற்றுவதற்காகப் போலி ஆவணம் உருவாக்குதல், 336(3): ஏழாண்டு வரை.
3. போலி என்று தெரிந்தே அசல் போலக் காட்டுதல், 340(2): போலியை உருவாக்கியதற்கு என்ன தண்டனையோ அதே.
4. பண உரிமை தரும் மதிப்புள்ள ஆவணத்தைப் போலியாக உருவாக்குதல், 338: பத்தாண்டு வரை, அல்லது ஆயுள்.

லாட்டரிச் சீட்டு நான்காவது வகையில் வருமா என்பதில் வாதத்துக்கு இடம் உண்டு. லாட்டரிச் சீட்டு சரக்கு அல்ல, வழக்காடிப் பெறத்தக்க ஓர் உரிமைக்கான சான்று என்று 2006இல் சன்ரைஸ் அசோசியேட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது விற்பனை வரி வழக்கு. ஆனாலும் அரசுத் தரப்பு வக்கீல் கையில் எடுக்கக்கூடிய வாதம் அதில் இருக்கிறது.

இங்கே ஒரு முரண் தெரியும். தடை செய்த சீட்டைக் கட்டுக்கட்டாக விற்றவருக்கு லாட்டரிச் சட்டத்தில் அதிகபட்சம் இரண்டு ஆண்டு. ஒரே சீட்டில் ஒரு இலக்கத்தைத் திருத்தியவருக்கு ஏழு. என் பார்வையில் இது சரியான வரிசைதான். முன்னதில் வாங்குபவருக்கு என்ன செய்கிறோம் என்று தெரியும். பின்னதில் ஏமாந்தவருக்குத் தெரியாது, அவர் அன்றாடக் கூலிக்காரர் வேறு.

*கடைக்காரரே எடுத்துக்கொள்வது.* ‘விழவில்லை’ என்று சொல்லிச் சீட்டை வாங்கி வைத்துக்கொள்வது. இதற்குக் கனடாவின் ஒன்டாரியோ மாகாணம்தான் பாடப்புத்தகம். 2001இல் ஒரு முதியவரின் இரண்டரை லட்சம் டாலர் பரிசைக் கடைக்காரத் தம்பதி தங்களுடையது என்று வாங்கிக்கொண்டார்கள். வழக்கமாகத் தான் எழுதும் எண்கள் என்று அவர் சொன்னதை லாட்டரி நிறுவனம் பல ஆண்டுகள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 2006இல் தொலைக்காட்சியில் விஷயம் வெடித்தது. 2007இல் மாகாணக் குறைதீர்ப்பாளரின் அறிக்கை, கடைக்காரர்கள் ‘ஜெயிக்கும்’ பரிசுகளை நிறுவனம் ஒழுங்காக விசாரிப்பதில்லை என்று சாடியது. தோண்டத் தோண்ட வந்தது இன்னொரு வழக்கு: பர்லிங்டன் ஊரில் ஒரு கடைக்காரர் குடும்பம், வாடிக்கையாளரின் ஒன்றேகால் கோடி டாலர் பரிசைச் சுருட்டியிருந்தது. உண்மையான உரிமையாளர்களுக்கு 2011இல் வட்டியோடு பணம் போய்ச் சேர்ந்தது. 2018இல் தந்தைக்கு ஏழாண்டு, மகளுக்கு நான்காண்டு சிறை.

தண்டனையைவிட, அதன் பிறகு வந்த நடைமுறைகள்தான் வேலை செய்தன. வாடிக்கையாளர் தானே சோதித்துப் பார்க்கக் கருவி, பரிசு விழுந்தால் எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி ஒலி, கொடுக்கும் முன் பின்பக்கம் கையெழுத்து.

*உள்ளாள் துணையோடு போலி.* பிரிட்டனில் 2009இல் ஒருவர், கீழ்ப்பகுதி பார்கோடே இல்லாத கசங்கிய சீட்டைக் கொடுத்து 25 லட்சம் பவுண்டு வாங்கினார். லாட்டரி நிறுவனத்தில் வேலை பார்த்த ஒருவர், யாரும் கேட்டு வராத பரிசு எது என்று தெரிந்து உதவியிருந்தார். பத்தாண்டு கழித்து, 2019இல், ஒன்பதாண்டு சிறை கிடைத்தது.

*விழுந்த சீட்டை விலைக்கு வாங்குவது.* கறுப்புப் பணம் வைத்திருப்பவர், பரிசு விழுந்தவரைத் தேடிப் பிடித்து, வரி போகக் கைக்கு வரும் தொகைக்கு மேல் ரொக்கமாகக் கொடுத்துச் சீட்டை வாங்கிக்கொள்வார். 25 கோடிப் பரிசில் ஏஜென்டு கமிஷன் 10 சதவீதம், பிறகு 30 சதவீத வரிப் பிடித்தம் போக 15.75 கோடி வரும் என்றால், அவர் 17 கொடுப்பார். சீட்டில் பெயர் இல்லாததால் பணம் வெள்ளையாகிவிடும். விற்றவர் தனக்கு லாபம் என்று நினைப்பார். ஆனால் கணக்கில் காட்ட முடியாத ரொக்கம் இப்போது அவர் வீட்டில். பணமோசடித் தடுப்புச் சட்டம் தட்டும் கதவுகளில் அவருடையதும் ஒன்றாகலாம். அதில் தண்டனை மூன்று முதல் ஏழாண்டு.

பதினெட்டு வயது: சட்டத்தில் இல்லாத வாசகம்

பலர் ஆச்சரியப்படும் இடம் இது. 1998ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்தில் வயது என்ற பேச்சே இல்லை. சிறுவருக்கு விற்றால் இன்ன தண்டனை என்று ஒரு பிரிவு கிடையாது. லாட்டரியே சட்டவிரோதமான தமிழ்நாட்டில் பெரியவருக்கு விற்றாலும் சிறியவருக்கு விற்றாலும் ஒரே குற்றம், ஒரே இரண்டாண்டு. ஒப்பந்தச் சட்டத்தின் 11ஆவது பிரிவு மைனர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது. அது பரிசுப் பணத்தைச் சிக்கலாக்குமே தவிர, விற்ற கடைக்காரரை உள்ளே தள்ளாது.

பிரிட்டனில் வேறு மாதிரி. தேசிய லாட்டரிக்கான வயது 16ஆக இருந்தது. 2021இல், முதலில் ஆன்லைனிலும் பிறகு அக்டோபரில் கடைகளிலும், 18ஆனது. குறைந்த வயதினருக்கு விற்றால் இரண்டாண்டு வரை சிறைக்கும் அபராதத்துக்கும் 1993ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. நடைமுறையில் கடைக்காரர் பயப்படுவது லாட்டரி இயந்திரத்தைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்களோ என்றுதான். சிங்கப்பூரில் 2022 சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டம் பொதுவாக 21 வயது என்கிறது. 4டி, டோட்டோ என்ற லாட்டரிகளின் சீட்டைக் கடையில் வாங்க மட்டும் 18. அங்கே வயது குறைந்தவர் விளையாடினால் அவர் மேலேயே குற்றம் வரும்.

நம் ஊரில் சிறுவர்கள் விஷயத்தில் சட்டம் கடுமையாவது ஒரு கட்டத்தில்தான்: அவர்களை வைத்து வியாபாரம் செய்யும்போது. மூன்று நம்பர் துண்டுத்தாள் வாங்கிவரப் பள்ளிப் பையனை அனுப்பினால், குற்றம் செய்யக் குழந்தையை ஈடுபடுத்தியதாக நியாய சன்ஹிதா 95ஆவது பிரிவின்கீழ் மூன்று முதல் பத்தாண்டு. சிறார் நீதிச் சட்டம் 83(2)இன்படி ஏழாண்டு வரை கடுங்காவலும் ஐந்து லட்சம் வரை அபராதமும். 14 வயதுக்குக் கீழ்ப்பட்டவரைச் சீட்டு விற்கும் வேலைக்கு வைத்தால், லாட்டரி சட்டப்படியான மாநிலமாக இருந்தாலும், குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில் ஆறு மாதம் முதல் இரண்டாண்டு.

குழந்தையிடம் விற்றால் தனித் தண்டனை இல்லை, குழந்தையை வைத்து விற்றால் பத்தாண்டு. லாட்டரிச் சட்டம் எழுதப்பட்டபோது முன்னால் நின்ற கேள்வி, வருமானம் எந்த அரசுக்குப் போகும், எந்த அரசு யாரைத் தடுக்கலாம் என்பதுதான். வாங்குபவரின் வயதை அப்போது யாரும் கேட்கவில்லை. 2016இல் திருத்தம் வந்த குழந்தைத் தொழிலாளர் சட்டமும், 2015ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டமும் அந்த ஓட்டையைப் பக்கவாட்டிலிருந்து கொஞ்சம் அடைத்திருக்கின்றன.

வாங்காத சீட்டுக்கு விழுந்த பரிசு

கடைசியாக, அதிகம் பேர் பணம் இழக்கும் வகை. ‘உங்கள் நம்பருக்கு 25 லட்சம் விழுந்திருக்கிறது, வரி கட்டினால் அனுப்புவோம்’ என்று வாட்ஸ்அப்பில் குரல் செய்தி வரும். இதில் லாட்டரியே கிடையாது. ஆகவே லாட்டரிச் சட்டமும் கிடையாது. மோசடிக்கான 318(4), தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி (மூன்றாண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம்) ஆகியவைதான். உண்மையான பரிசுக்கு வரியை அவர்களே பிடித்துக்கொண்டுதான் மீதியைத் தருவார்கள், முன்பணம் கேட்பதில்லை. பணம் அனுப்பிவிட்டீர்கள் என்றால் உடனே 1930க்கு அழையுங்கள். தொகை அடுத்த கணக்குக்குத் தாவும் முன் முடக்க முடிந்தால்தான் திரும்பக் கிடைக்க வழி உண்டு.

கேரளத்தில் முறையாக வாங்கிய சீட்டுக்கு நிஜமாகவே பரிசு விழுந்திருந்தால், பின்பக்கம் கையெழுத்துப் போட்டு, இருபுறமும் நகல் எடுத்துக்கொண்டு, அரசிதழில் வெளியான முடிவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சீட்டை ஒப்படைக்கக் குலுக்கல் நாளிலிருந்து 30 நாள் அவகாசம். ஐயாயிரத்துக்கு மேற்பட்ட தொகைக்குக் கடைக்காரரிடம் போக வேண்டாம், லாட்டரித் துறை அலுவலகத்துக்குப் போங்கள்.